மைசூர் எக்ஸ்பிரஸ்: சிக்னலுக்குக் காத்திருந்த கதை

மைசூரிலிருந்து வேகமாக எதுவும் புறப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது. பாகு வந்தது, அது கரையுமே தவிர ஓடாது. பட்டு வந்தது, ஒரு புடவை எடுக்க ஒரு முழு மத்தியானம் ஆகும். தசரா ஊர்வலத்தில் அம்பாரி சுமக்கும் யானையின் நடைதான் அந்த ஊரின் அதிகாரபூர்வ வேகம். ரிட்டயர் ஆனவர்கள் வீடு கட்டிக்கொண்டு குடியேற ஏற்ற இடம் என்று பேர் எடுத்த ஊர் வேறு. சென்னையில் ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால், விடிந்து, பல் தேய்த்து, காபி குடித்து, எதிர் ஸீட்காரரின் மூன்று தலைமுறை வரலாற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் மைசூர் வரும்.

கிரிக்கெட்டிலும் மைசூர் ஒரே ஒரு தடவைதான் வேகம் காட்டியது. 1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பை என்று ஒன்று ஆரம்பித்து, அதன் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில், மதராஸும் மைசூரும். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. மதராஸ் 130 எடுத்தது. மைசூர் மறுபடி ஆடி 59-இல் சுருண்டது. எல்லாம் ஒரே நாளில். மதராஸின் ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். விருந்தாளியாக வந்தவர்கள் ராத்திரி தங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பிற்பாடு இதே மாநிலம் கர்நாடகா என்று பெயர் மாற்றிக்கொண்டு தமிழ்நாட்டை எத்தனை தடவை அழவைத்தது என்பது வேறு கதை; அதை இங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அதற்குப் பிறகு மைசூர், தன் சுபாவத்துக்கு ஏற்றபடி, ஸ்பின்னர்களை அனுப்பி வைத்தது. பி.எஸ். சந்திரசேகர் பிறந்தது இங்கேதான். எரப்பள்ளி பிரசன்னா இஞ்சினீயரிங் படித்தது இங்கே, என்.ஐ.இ. கல்லூரியில். 1962-இல் டெஸ்ட் ஆடிவிட்டு, ‘கொஞ்சம் இருங்கள், டிகிரி முடித்துவிட்டு வருகிறேன்’ என்கிற தோரணையில் போய், ஐந்து வருஷம் ஆகப்போகிற நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும் விக்கெட் எடுத்தவர் அவர். மைசூரில் படித்தவர்களுக்கு அவசரம் என்ற வியாதி வருவதில்லை.

அந்தக் காலத்து இந்திய அணியில் வேகப்பந்து என்பது கல்யாணத்தில் தேங்காய் உடைப்பது மாதிரி ஒரு சடங்கு. புதுப் பந்தின் பளபளப்பு போக வேண்டும். அதுவரை யாராவது எறிந்துகொண்டிருந்தால் போதும். சுனில் கவாஸ்கரே சில ஆட்டங்களில் புதுப் பந்தை வாங்கி ஓடியிருக்கிறார். 1967-இல் எட்ஜ்பாஸ்டனில் உச்சம். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று நான்கு ஸ்பின்னர்களையும் ஒரே ஆட்டத்தில் இறக்கியாகிவிட்டது. புதுப் பந்தைப் போடத்தான் ஆளில்லை. மைசூர் மாநில அணியின் சுப்ரமண்யா ஒரு முனை. மறுமுனைக்கு, விக்கெட் கீப்பிங் செய்கிற புதி குந்தேரன். ‘நீ என்ன மாதிரி பந்து போடுவாய்?’ என்று கேப்டன் பட்டோடி கேட்டாராம். குந்தேரனுக்கே தெரியவில்லையாம். தெரியாமலே நாலு ஓவர் போட்டார். அந்த அணியில் சந்திரசேகரின் வேகப் பந்துதான் உண்மையான வேகப் பந்து என்று சொல்வார்கள். அவர் லெக் ஸ்பின்னர்.

இந்த நாட்டுக்கு ஒரே ஏக்கம்: நமக்கென்று நிஜமான வேகம் ஒன்று வராதா? கபில்தேவ் வந்தார். ஆனால் அவரும் வேகத்தைவிட ஸ்விங்கை நம்பியவர். 1987-இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை வரவழைத்து வேகப்பந்துப் பள்ளி திறந்தது. எல்லோரும் வாசலைப் பார்த்து நின்றார்கள். வேகம் வந்தது. வந்த திசையைப் பார்த்து யாரும் நம்பவில்லை.

1969 ஆகஸ்ட் 31-ஆம் தேதி மைசூரில் பிறந்தவர் ஸ்ரீநாத். ஜவகல் என்பது ஹாசன் மாவட்டத்தில் ஹொய்சாளர் கோயில் உள்ள ஊர். பெயருக்கு முன்னால் அது ஒட்டிக்கொண்டது. மரிமல்லப்பா பள்ளி, அப்புறம் எஸ்.ஜே.சி.இ. என்கிற ஜெயசாமராஜேந்திர பொறியியல் கல்லூரி, இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்பு. பார்க்க நெடுநெடுவென்று இருப்பார். கோபமே வராத முகம். பேட்ஸ்மேனைத் திட்டத் தெரியாது; முறைத்தால்கூட ‘சாரி, பந்து பட்டுவிட்டதா?’ என்று கேட்பது மாதிரி இருக்கும். வேகப்பந்து வீச்சாளர் என்றால் முரட்டு மீசையும் முட்டிக்கொண்டு நிற்கும் மார்பும் வேண்டும் என்று நம்பியிருந்த ரசிகர்களுக்கு, இவரைப் பார்த்தால் லாகரிதம் டேபிளைக் கடன் கேட்கத்தான் தோன்றியது.

பந்து கையை விட்டு வெளியே வந்த பிறகு அந்த நினைப்பு இருக்காது. நீளமான ஓட்டம், தலைக்கு நேர் மேலே போகும் கை, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து சடாரென்று உள்ளே வெட்டி, வலதுகை ஆட்டக்காரரின் தொடையையோ, பேடையோ, ஸ்டம்பையோ தேடும் பந்து. ஒதுங்கவும் இடமில்லை, ஆடவும் நேரமில்லை. அந்தப் பந்தை அப்படியே வெளியே எடுத்துச் செல்கிற லெக் கட்டர் பிற்பாடு வந்து சேர்ந்தது. கர்நாடகாவுக்காக 1989-90-இல் ஹைதராபாத்துக்கு எதிராக முதல் ஆட்டம். முதல் இன்னிங்ஸிலேயே ஹாட்ரிக். முதல் நாள் ஆபீஸுக்கு வந்தவர் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி.

1991 அக்டோபரில் ஷார்ஜாவில் முதல் ஒருநாள் ஆட்டம். நவம்பரில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். இந்தியா வேண்டிக்கொண்ட வரம் கிடைத்தாகிவிட்டது. இனி என்ன செய்வது என்றுதான் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

ஏனென்றால் உள்ளூரில் அப்போது வேறு ஒரு யாகம் நடந்துகொண்டிருந்தது. நியூஸிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி 431 டெஸ்ட் விக்கெட் எடுத்து உலக சாதனையோடு ஓய்வு பெற்றுவிட்டார். கபில்தேவ் அதைத் தாண்ட வேண்டும். தேசமே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. கபில் நம் குலதெய்வம், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1983 உலகக் கோப்பைக்குப் பிறகு அவர் கேட்டிருந்தால் ராஷ்டிரபதி பவனையே வாடகை இல்லாமல் கொடுத்திருப்போம். ஆனால் கடைசி இரண்டு வருஷம் அவருடைய வேகம் தசரா யானையோடு போட்டி போடக்கூடியதாக இருந்தது. அவர் ஒரு முனை, மனோஜ் பிரபாகர் மறுமுனை. பளபளப்பு போனதும் கும்ப்ளே, ராஜு, சௌஹான் என்று மூன்று ஸ்பின்னர்கள். இதில் இன்னொரு வேகப்பந்து வீச்சாளருக்கு எங்கே இடம்?

வெளிநாடு போனால் ஸ்ரீநாத் உண்டு. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பந்து எகிறுகிற ஊர்களில் கூப்பிட்டு ஆடவைப்பார்கள். விமானம் ஊர் திரும்பியதும் ‘நீ கொஞ்சம் இருப்பா’ என்பார்கள். 1993, 1994 வருஷங்களில் உள்ளூரில் இங்கிலாந்தோடு மூன்று, ஜிம்பாப்வேயோடு ஒன்று, இலங்கையோடு மூன்று, ஆக ஏழு டெஸ்ட். ஏழிலும் இந்தியா வென்றது. ஏழிலும் ஸ்ரீநாத் இல்லை. ஜெயிக்கிற அணியில் ஏன் ஆளை மாற்ற வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. தோற்றிருந்தாலாவது யாராவது கேட்டிருப்பார்கள். 1994 பிப்ரவரி 8, அகமதாபாத்தில் கபில் 432-ஐ எடுத்தார். தேசம் கைதட்டியது. நாட்டிலேயே வேகமான பந்து வீச்சாளரும் வெளியிலிருந்து கைதட்டினார்.

வேகத்தை வைத்துக்கொண்டு விழித்தது நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள். அடிப்பதைவிட, அடித்துவிட்டுக் கட்டம் கட்டமாக ஓடுவதில்தான் அங்கே பாதி சூட்சுமம். 1974-இல் ஓக்லண்ட் ஏஸ் அணியின் முதலாளி சார்லி ஃபின்லிக்கு ஒரு ஞானோதயம். ஓட்டப்பந்தயக்காரர் ஒருவரையே வேலைக்கு எடுத்தால் என்ன? ஹெர்ப் வாஷிங்டன் என்ற மின்னல் வேகக்காரரைப் பிடித்துப் போட்டார். மட்டை வேண்டாம், பந்து வீச வேண்டாம், கேட்ச் பிடிக்க வேண்டாம். வேறொருவர் அடித்துக் கட்டத்தில் நின்றால் அவருக்குப் பதிலாக இவர் போய் நின்று ஓட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். 105 ஆட்டங்கள் ஆடினார். ஒரு பந்தைக்கூட மட்டையால் தொடவில்லை. அந்த வருஷத்து இறுதிச் சுற்றில், முக்கியமான கட்டத்தில் இறக்கிவிட்டார்கள். எதிரணியின் மைக் மார்ஷல் சட்டென்று திரும்பிப் பந்தை எறிய, உலகத்தின் அதிவேக மனிதர்களில் ஒருவர் ஓடத் தொடங்குமுன்பே அவுட். அந்த நாட்டில், வேகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாதவரைத் தேடிப்பிடித்து ஆடவைத்தார்கள். நம் நாட்டில் வேகமும் தெரிந்து விக்கெட்டும் எடுக்கத் தெரிந்தவரை பெஞ்சில் உட்காரவைத்தோம். எது பெரிய கூத்து என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1994 நவம்பரில் கபில் ஓய்வை அறிவித்தார். அதே மாதம் பம்பாயில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஸ்ரீநாத் தன் முதல் உள்ளூர் டெஸ்ட்டை ஆடினார். முதல் டெஸ்ட் ஆடி மூன்று வருஷம் கழித்து! கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் மட்டையால் ஒரு அரைசதமும் அடித்தார். இந்தியா வென்றது. அப்போதுதான் ‘அட, இவர் இங்கேயேதான் இருந்தாரா?’ என்று கேட்டார்கள்.

உள்ளூர் பிட்ச் வேகத்துக்கு உதவாது என்பதும் நாம் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த நம்பிக்கை. 1996 நவம்பரில் அகமதாபாத். தென்னாப்பிரிக்கா ஜெயிக்க வெறும் 170 வேண்டும். ஸ்பின்னர்கள் விரலைத் தேய்த்துத் தயாரானார்கள். ஸ்ரீநாத் 21 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். தென்னாப்பிரிக்கா 105-க்குச் சுருண்டது. அதே ஊரில்தான் இரண்டே முக்கால் வருஷம் முன்பு அவர் வெளியே நின்று கைதட்டினார். பிட்ச்சுக்கு வாய் இருந்தால் ‘நான் அப்போதே தயார்தான்’ என்று சொல்லியிருக்கும்.

அதற்கு ஒரு மாதம் முன்பு பெங்களூரில் டைட்டன் கோப்பை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 216 எடுக்க வேண்டும். சச்சின் 88 அடித்து அவுட் ஆனதும் டிவியை அணைத்துவிட்டுப் பாதி இந்தியா தூங்கப் போனது. எட்டு விக்கெட் போய், இன்னும் 52 ரன். களத்தில் நின்றது யார் என்று பார்த்தால், மைசூரின் இன்ஸ்ட்ருமென்டேஷன் இஞ்சினீயர் ஒருவர், பெங்களூரின் மெக்கானிக்கல் இஞ்சினீயர் ஒருவர். ஸ்ரீநாத்தும் கும்ப்ளேயும். பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டுவிட்ட ஒரு வண்டியை, சத்தமில்லாமல், ஒவ்வொரு திருகாக முடுக்கிச் சேர்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்ரீநாத் 30, கும்ப்ளே 16, இருவருமே அவுட் இல்லை. தூங்கப் போன பாதி இந்தியா மறுநாள் காலை பேப்பரை இரண்டு தடவை படித்தது. பி.இ. முடித்த பையனுக்குப் பெண் தேடும் வீடுகளில் அன்றைக்கு மார்க்கெட் ஏறியிருக்கும்.

நாட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவரைக் கண்டுகொள்ளாமல் இருப்போம், கண்டுகொண்டால் விடமாட்டோம். 1995-இல் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயருக்குப் போய், ஒரே பருவத்தில் 87 விக்கெட் எடுத்துவிட்டுத்தான் ஸ்ரீநாத் ஊர் வந்தார். வந்ததும் உலகக் கோப்பை, டெஸ்ட், ஒருநாள், ஷார்ஜா, டொரன்டோ. எங்கே ஆட்டம் நடந்தாலும் முதல் ஓவர் அவர்தான். மூன்று வருஷம் பூட்டிவைத்த சாமானை ராப்பகலாக ஓட்டினால் என்ன ஆகும்? 1997-இல் வெஸ்ட் இண்டீஸ் சுற்றுப்பயணத்துக்கு முன்னால் தோள்பட்டை கிழிந்தது. அறுவைச் சிகிச்சை. தோளுக்குள் இருக்கும் அந்தத் தசைக் கொத்துக்கு ரொடேட்டர் கஃப் என்று பெயர் உண்டு என்பதை அப்போதுதான் தேசம் தெரிந்துகொண்டது. ஒரு மாதத்துக்கு டீக்கடைகளில் எல்லோரும் எலும்பு டாக்டர்கள். அந்தக் கிழிசலோடு முடிந்தது என்றார்கள். முடியவில்லை. திரும்பி வந்து, 1999 உலகக் கோப்பையில் வேகத்தை அளக்கும் மீட்டரில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொட்டும் தொடாமலும் வீசினார். ஷோயப் அக்தருக்கு அடுத்த வேகம் இவருடையது என்றார்கள்.

இனி 1999 பிப்ரவரி. ஸ்ரீநாத் யார் என்று சொல்ல அந்த ஒரு மாதம் போதும்.

பிப்ரவரி 7, டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லா. பாகிஸ்தானின் ஒன்பது விக்கெட்டையும் கும்ப்ளே எடுத்துவிட்டார். பத்தும் எடுத்தால் இங்கிலாந்தின் ஜிம் லேக்கருக்குப் பிறகு டெஸ்ட் உலகத்தில் இரண்டாவது ஆள். மறுமுனையில் பந்து ஸ்ரீநாத் கையில். எதிரே கடைசி ஜோடி, எப்போது வேண்டுமானாலும் விழக்கூடியவர்கள். உலகத்திலேயே மிகக் கஷ்டமான பந்து வீச்சு அதுதான்: விக்கெட் விழாமல் வீசுவது. வாழ்நாள் முழுவதும் ஸ்டம்பைக் குறிபார்த்தே பழகின கை, அன்றைக்கு ஸ்டம்பைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் குறிபார்த்தது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, இன்னும் வெளியே, அம்பயர் இரண்டு கையையும் விரிக்கிற தூரத்துக்கு. அதற்கும் சும்மா இருக்காமல் வக்கார் யூனிஸ் மட்டையை வீசி, பந்து மேலே எழும்பிவிட்டதாம். அந்த ஆட்டத்தில் 60, 96 என்று ரன் எடுத்த நம் சென்னை சடகோபன் ரமேஷ், பழக்கதோஷத்தில் கேட்சுக்கு ஓட, ‘விடு, விடு’ என்று நாலா பக்கமும் கத்தினார்களாம். பிடிக்காதே என்று சொல்லி ஒரு ஃபீல்டரைக் கெஞ்சிய அணி உலகத்தில் வேறு இருக்காது. பந்து புல்லில் விழுந்தது. அடுத்த ஓவரில் வாசிம் அக்ரம் லக்ஷ்மணிடம் கேட்ச் கொடுக்க, கும்ப்ளே 74 ரன்னுக்கு 10. கும்ப்ளேயைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது நாள் கழித்து கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். அதே பாகிஸ்தான். இந்தத் தடவை ஸ்ரீநாத் யாருக்காகவும் வெளியே வீசவில்லை. முதல் நாள் காலையில் பாகிஸ்தான் 26 ரன்னுக்கு ஆறு விக்கெட். ஸ்ரீநாத்துக்கு முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் 86 ரன்னுக்கு எட்டு. மொத்தம் 13 விக்கெட், 132 ரன். இந்தியாவின் வேகப்பந்து வரலாற்றில் பொன் எழுத்தில் பொறிக்க வேண்டிய கணக்கு. பொறிக்க இடமில்லாமல் போய்விட்டது. ஏனென்றால் அதே ஆட்டத்தில் ஷோயப் அக்தர் அடுத்தடுத்த பந்தில் திராவிட், சச்சின் இருவரின் ஸ்டம்பையும் பெயர்த்தார். இரண்டாவது இன்னிங்ஸில் சச்சின் ஷோயப் மேல் மோதி ரன் அவுட் ஆனார். ரசிகர்கள் கொந்தளிக்க, போலீஸ் கூட்டத்தை வெளியேற்றிவிட்டுக் காலி மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். இந்தியா 46 ரன்னில் தோற்றது. இன்றைக்கும் ஈடன் 1999 என்றால் ஷோயப், சச்சின், கலாட்டா, காலி நாற்காலிகள். 13 விக்கெட் எடுத்தவர் பெயர் வினாடி வினாவில் மட்டும் வரும், அதுவும் கடைசிச் சுற்றில்.

கூட்டிப் பாருங்கள். முதல் பாதி கபிலின் சாதனைக்காக வெளியே. பிறகு கும்ப்ளேயின் சாதனைக்காக ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. சொந்தச் சாதனையின்போது ஊர் சனமே மைதானத்துக்கு வெளியே. வேகம் இருந்தால் போதாது; வேகம் வருகிற நேரத்தில் ஊர் ஜன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

போதும் என்று அவரே 2002-இல் டெஸ்ட்டுக்கு விடை கொடுத்தார். விடுவோமா? கேப்டன் கங்குலி பேசிப் பேசிக் கரைத்து மறுபடியும் கூட்டிவந்தார். 33 வயதில் 2003 உலகக் கோப்பை. 16 விக்கெட் எடுத்து, அணியை இறுதி ஆட்டம் வரை இழுத்துவந்தவர்களில் ஒருவர். ஜோஹானஸ்பர்க்கில் மார்ச் 23. பாண்டிங் அன்றைக்கு அவுட் ஆகாமல் 140 அடித்தார், ஆஸ்திரேலியா 359. ஸ்ரீநாத் பத்து ஓவரில் 87 ரன், விக்கெட் இல்லை. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஹாட்ரிக் எடுத்தவரை அப்படித்தான் வழியனுப்பி வைத்தது விதி. மறுநாள் தேசம் டாஸ் ஜெயித்து ஏன் பந்து வீசினோம் என்று விவாதித்தது. நாம் இன்னும் முடிக்கவில்லை.

கணக்குப் புத்தகம் மட்டும் சத்தம் போடாமல் இருக்கிறது. 67 டெஸ்ட்டில் 236 விக்கெட். 229 ஒருநாள் ஆட்டங்களில் 315. அதற்கப்புறம் மணிக்கு 150-க்கு மேல் வீசுகிறவர்கள் நம்மிடம் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் ஒருநாள் ஆட்டங்களில் 300-ஐத் தாண்டிய இந்திய வேகப்பந்து வீச்சாளர் இன்றுவரை அவர் ஒருவர்தான். நாற்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய வரத்தை, உபயோகிக்கத் தெரியாமலே இவ்வளவு சம்பாதித்துவிட்டோம். தெரிந்திருந்தால்?

2010-இல் கர்நாடக கிரிக்கெட் சங்கத்துக்குத் தேர்தல் நடந்து, கும்ப்ளே தலைவரானார். செயலாளர் யார் என்று நீங்களே ஊகிக்கலாம். அங்கேயும் மறுமுனைதான்.

ஆனால் ஒரு கணக்கு நேராகிவிட்டது. 2006-லிருந்து அவர் சர்வதேச ஆட்டங்களில் மேட்ச் ரெஃப்ரி. டை கட்டிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, யார் யாரைத் திட்டினார்கள், யார் பந்தைச் சுரண்டினார்கள் என்று பார்க்கிற உத்தியோகம். அதில் முக்கியமான ஒரு கடமை உண்டு. குறித்த நேரத்துக்குள் ஓவர்களை முடிக்காமல் இழுத்தடிக்கிற அணிக்கு அபராதம் போட்டு, ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. கேப்டன் வந்து நின்று, பனி விழுந்தது, பேட்ஸ்மேன் ஷூ லேஸ் கட்டினான் என்று காரணம் சொல்வார். மைசூர்க்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, மெதுவாக நடந்தவர்களிடம் வேகம் வந்து பணம் வசூலிக்கும்.